இவ்வளவுதான் என்று எல்லை கட்டும் வகை: பொருள்நோக்கு நிரலாக்கத்தில் எனம்

ஜாவா மொழியில் பணக் கணக்கைச் சில்லறை பிசகாமல் போடுவதற்கு பிக்டெசிமல் என்றொரு கிளாஸ் (தரவையும் அதன்மேல் செய்யும் வேலைகளையும் ஒன்றாகக் கட்டிய வார்ப்பு) உண்டு. அதில் வகுத்தலுக்கான பழைய மெத்தட், அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல்பகுதி, மூன்று மதிப்புகளைக் கேட்கும்: எதனால் வகுக்க வேண்டும், விடையில் தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்கள் வேண்டும், அதற்கு மேல் மிஞ்சுவதை எந்த முறையில் முழுதாக்க வேண்டும். முழுதாக்கும் முறைகள் மொத்தம் எட்டு. அவற்றுக்கு 0 முதல் 7 வரை எண்கள் தரப்பட்டிருந்தன. பள்ளியில் நாம் கற்ற, பாதியோ அதற்கு மேலோ இருந்தால் மேலே ஏற்றும் முறைக்கு எண் 4. மிச்சம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் மேல்நோக்கி ஏற்றிவிடும் சீலிங் என்ற முறைக்கு எண் 2. ஆயிரம் ரூபாயை மூவருக்குப் பிரிக்க ‘3, 2, 4’ என்று எழுதினால் ஆளுக்கு 333.33 கிடைக்கும். கடைசி இரண்டு மதிப்புகளும் கைதவறி இடம் மாறி ‘3, 4, 2’ என்றாகிவிட்டால், நான்கு இலக்கம் வரை மேல்நோக்கி ஏற்றிய 333.3334 கிடைக்கும். எழுதிய நிரலைச் சரிபார்த்து ஓடத்தக்க வடிவுக்கு மாற்றும் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. நிரல் ஓடும்போதும் பிழைச்செய்தி எதுவும் வராது. எண்ணுக்குப் பதிலாக அதற்குரிய பெயரை எழுதினாலும் நிலைமை மாறாது, ஏனெனில் அந்தப் பெயர் 4 என்ற எண்ணுக்கு இட்ட மறுபெயர் மட்டுமே.

இதை நிரலரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் குறை அந்த மெத்தட்டின் வடிவமைப்பில் இருந்தது. எட்டு முறைகளும் எண்களே இல்லை. ஒரு முறையோடு இன்னொரு முறையைக் கூட்ட முடியாது. ஒன்று மற்றொன்றின் இரு மடங்கு என்று சொல்வதற்கும் பொருள் கிடையாது. எண்ணாக இல்லாத ஒன்றுக்கு எண்ணின் உடையை மாட்டிவிட்டால், எண்கள் போகக்கூடிய எல்லா இடங்களுக்கும் அது போய்விடும். 2004ஆம் ஆண்டு வெளிவந்த ஜாவா 5 பதிப்பில் இந்த எட்டு முறைகளும் ரவுண்டிங்மோட் என்ற தனி வகையாக ஆக்கப்பட்டன. அதன்பின் அந்தப் புதிய வகையை ஏற்கும் மெத்தட்டில் இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் நிரல் கம்பைல் ஆவதே இல்லை.

இப்படி, ஏற்கத்தக்க மதிப்புகள் எவையெவை என்று பெயர் சொல்லி வரிசையாக அடுக்கி, அத்தோடு பட்டியலை மூடிவிடும் வகைக்குத்தான் நிரலர்கள் எனம் என்று பேர் சொல்கிறார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதன்று. முத்தமிழ், ஐந்திணை, அறுசுவை, ஐம்பால் என்று எண்ணைப் பெயரோடு சேர்த்தே சொல்லும்போது, எத்தனை என்பதும் இதற்கு மேல் இல்லை என்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. எனமும் இந்த இரண்டையும் அறிவிக்கிறது. இந்த வகையைச் சேர்ந்த மாறியில் பட்டியலில் உள்ளவற்றைத் தவிர வேறெதுவும் வராது என்பது முதல் உறுதி. பட்டியலில் உள்ள ஒன்று வேறு வகையைச் சேர்ந்த எதனோடும் கலந்துவிடாது என்பது இரண்டாவது உறுதி. ஒரு மொழி இவ்விரண்டில் எதை எவ்வளவு காப்பாற்றுகிறது என்று பார்த்தாலே அந்த மொழியின் எனம் எவ்வளவு பயன்படும் என்பது தெரிந்துவிடும்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பணியாற்றிய நிக்லவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழிதான் இந்தக் கருத்தைப் பரவலாக அறிமுகம் செய்தது. பாஸ்கலில் கிழமைகளின் பெயர்களை அடைப்புக்குறிக்குள் வரிசையாக எழுதினால் கிழமை என்ற வகை உருவாகிவிடும். அடுத்தது எது, முந்தையது எது என்று கேட்கலாம். அந்த வகையையே அணியின் சுட்டெண்ணாக வைக்கலாம். திங்களும் புதனும் சேர்ந்த கணம் ஒன்றை உருவாக்கலாம். உள்ளே கம்பைலர் எந்த எண்ணைப் பயன்படுத்துகிறது என்பதை நிரலர் அறிய வேண்டிய தேவையே இல்லை. சி மொழி இதில் பின்தங்கியது. 1978இல் வெளிவந்த அதன் முதல் கையேட்டில் எனம் இல்லை. பிறகு சேர்ந்து, 1989இன் தரநிலையில் இடம் பெற்றபோதும், அதன் உறுப்புகள் அனைத்தும் சாதாரண முழு எண்களாகவே இருந்தன. நிறத்தைக் கேட்கும் செயற்கூறுக்கு மாதத்தைக் கொடுத்தால் சி மறுப்பதில்லை. சி பிளஸ் பிளஸ் எண்ணிலிருந்து எனத்துக்கு வரும் வழியை அடைத்தாலும், எனத்திலிருந்து எண்ணுக்குப் போகும் வழியைத் திறந்தே வைத்திருந்தது. அந்த வழியும் அடைபட்ட தனிவகை எனம் 2011இன் தரநிலையில்தான் வந்தது.

1996இல் ஜாவா வெளிவந்தபோது அதில் எனமே இல்லை. சியிலிருந்து பலவற்றை எடுத்துக்கொண்ட அந்த மொழி இதை விட்டுவிட்டது. விளைவாக, நிலையான முழு எண்களுக்குப் பெயர் சூட்டி வைத்துக்கொள்வதே ஜாவா நிரலர்களின் வழக்கம் ஆயிற்று. ஜாவாவோடு வரும் நூலகங்களும் அதே வழியில் போயின. காலண்டர் என்ற கிளாஸில் ஜனவரி என்ற பெயருக்கு மதிப்பு 0, டிசம்பருக்கு 11. ஆனால் அதே கிளாஸில் ஞாயிற்றுக்கிழமைக்கு மதிப்பு 1. கிறிஸ்துமஸ் நாளை நினைத்து ‘2024, 12, 25’ என்று ஒருவர் எழுதினால் அந்தக் கிளாஸ் அதைப் பிழையாகக் கொள்ளாமல், பன்னிரண்டாவது இடம் அடுத்த ஆண்டின் ஜனவரி என்று புரிந்துகொண்டு 2025 ஜனவரி 25ஐத் தரும். இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. இத்தகைய நிலையான எண்களை, அவற்றைப் பயன்படுத்தும் பிற கிளாஸ்களைக் கம்பைல் செய்யும்போதே, பெயரை எடுத்துவிட்டு எண்ணாகவே கம்பைலர் பதித்துவிடும். நூலகத்தில் அந்த எண்ணை மாற்றினாலும், பயன்படுத்தும் நிரலை மீண்டும் கம்பைல் செய்யும்வரை பழைய எண்ணே அங்கே குடியிருக்கும். இந்தக் காரணத்தால் நேர்ந்த பிழையைத் தேடுகிறவர் மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் காரணம் கண்ணில் படாது, ஏனெனில் மூலநிரல் சரியாகவே இருக்கும்.

பொருள்நோக்கு மொழி ஒன்றில் இதற்கு விடை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கிளாஸ் ஒன்றை எழுதி, அந்த வார்ப்பிலிருந்து ஆப்ஜெக்ட் என்னும் உருப்படிகளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரை வெளியார் அழைக்க முடியாதபடி தனியுரிமை ஆக்கி, வேண்டிய ஆப்ஜெக்ட்டுகளை அந்தக் கிளாஸே உருவாக்கி நிலையான புலங்களில் வைத்துக்கொண்டால் போதும். வேறு எவரும் புதிதாக ஒன்றை உருவாக்க முடியாது என்பதால் பட்டியல் மூடிவிடுகிறது. ஒவ்வொன்றும் தனி வகையைச் சேர்ந்த ஆப்ஜெக்ட் என்பதால் எண்ணோடும் பிற வகைகளோடும் கலப்பதில்லை. ஜாவா நூலகங்களை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜோஷுவா பிளாக் 2001இல் எழுதிய நூலின் வழியே இந்த முறை ஜாவா நிரலர்களிடையே வேரூன்றியது. அதன் குறைகளும் அப்போதே தெரிந்தவைதான்: மதிப்பைப் பார்த்துக் கிளை பிரியும் சுவிட்ச் கட்டமைப்பில் இவற்றைப் பயன்படுத்த முடியாது, ஆப்ஜெக்ட்டைப் பைட்டுகளாக எழுதி மீண்டும் படிக்கும்போது, தனியே தடுத்து எழுதாவிட்டால், அதே பெயரில் இரண்டாவது ஆப்ஜெக்ட் ஒன்று பிறந்துவிடும், அதன்பின் இரண்டும் ஒன்றா என்று நேராக ஒப்பிட்டால் இல்லை என்று விடை வரும்.

ஜாவா 5 இந்த முறையை மொழியின் உள்ளேயே எடுத்துக்கொண்டு, அதன் குறைகளை ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரத்தின் பொறுப்பில் விட்டது. எனமின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே ஒரு ஆப்ஜெக்ட். பைட்டுகளிலிருந்து படிக்கும்போதும் பெயரை வைத்து அதே ஆப்ஜெக்ட்டே தரப்படும். நிரல் ஓடும்போதே கிளாஸின் உள்ளமைப்பைத் துழாவும் ரிஃப்ளெக்‌ஷன் வழியாகக் கன்ஸ்ட்ரக்டரை எட்ட முயன்றாலும் இயந்திரம் மறுத்துவிடும். இந்த மாற்றத்துக்கு ஒரு சிறு விலையும் இருந்தது. எனம் என்பது அதுவரை சாதாரணச் சொல்லாக இருந்ததால், எனுமரேஷன் என்ற பழைய இடைமுகத்தைச் சேர்ந்த மாறிகளுக்குப் பலர் சுருக்கமாக அதே பெயரைச் சூட்டியிருந்தார்கள். புதிய பதிப்பின் விதிகளின்படி கம்பைல் செய்ததும் அந்த நிரல்களெல்லாம் நின்றுபோயின, பெயரை மாற்றிய பிறகே ஓடின.

உறுப்பு ஒவ்வொன்றும் ஆப்ஜெக்ட் என்று ஆனதும், எனம் வெறும் பெயர்ப் பட்டியலாக இருக்க வேண்டிய கட்டாயம் நீங்கிவிடுகிறது. இதைக் காட்டத் தமிழ் இலக்கணத்தின் ஐம்பாலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தமிழ் வாக்கியங்களைத் தானே அமைத்து அனுப்பும் ஒரு நிரலை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பால் என்ற எனத்தில் ஐந்து உறுப்புகள்: ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். ஒவ்வொன்றும் தன் திணையையும், ஒருமையா பன்மையா என்பதையும், தனக்குரிய விகுதியையும் புலங்களாகச் சுமக்கலாம். ஆன், ஆள், ஆர், அது, அன என்ற ஐந்து விகுதிகளை ‘வந்த்’ என்ற அடியோடு சேர்த்தால் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று ஐந்தும் பிசகின்றி வருகின்றன. விகுதியைச் சேர்க்கும் மெத்தட்டை எனத்தின் உள்ளேயே ஒருமுறை எழுதினால், ஐந்து உறுப்புகளுக்கும் அது பொதுவாகிவிடும்.

ஓடு என்ற வினைக்கு வந்ததும் இந்த அமைதி கலைகிறது. ஓடினான், ஓடினாள், ஓடினார் என்று உயர்திணை மூன்றும் ஒரே வழியில் நடக்க, ஒன்றன்பாலில் ஓடியது என்றும் பலவின்பாலில் ஓடின என்றும் அஃறிணை இரண்டும் வெவ்வேறு வழியில் பிரிகின்றன. எண்களை வைத்து எழுதியிருந்தால், பால் 3 என்றால் இப்படி, 4 என்றால் அப்படி என்ற கிளைகள் நிரலின் பல மூலைகளில் முளைத்திருக்கும். ஜாவாவின் எனத்தில், பொதுவான மெத்தட்டை அப்படியே விட்டுவிட்டு, ஒன்றன்பால் என்ற உறுப்புக்கு மட்டும் அதே மெத்தட்டை வேறு விதமாக எழுதிக்கொள்ளலாம். பலவின்பாலுக்கும் அதேபோல் தனியாக எழுதலாம். பயன்படுத்துகிறவர் பாலிடம் வினையைக் கொடுத்து முற்றைக் கேட்பார். எந்தப் பால் எப்படித் தருகிறது என்பது அவருடைய கவலையன்று. பல்லுருவாக்கம் என்று பாடநூல்கள் சொல்வது, மூடிய ஒரு பட்டியலுக்குள்ளேயே இங்கே வேலை செய்கிறது.

2014இல் ஜாவா 8 பதிப்போடு வந்த புதிய காலநேர நூலகத்தில் இதே அணுகுமுறையைக் காணலாம். அங்கே மாதம் ஓர் எனம். ஜனவரியின் மதிப்பைக் கேட்டால் 1 என்று சொல்லும். நெட்டாண்டா (லீப் ஆண்டா) இல்லையா என்று சொன்னால் பிப்ரவரி தன் நீளத்தை 29 என்றோ 28 என்றோ தரும். நவம்பரோடு மூன்று மாதங்கள் கூட்டினால் பிப்ரவரி கிடைக்கும். பதின்மூன்றாவது மாதத்தைக் கேட்டால் அமைதியாக அடுத்த ஆண்டுக்குத் தாவாமல், அந்த இடத்திலேயே பிழையாக நின்றுவிடும். பழைய காலண்டர் கிளாஸோடு போராடிய எவருக்கும் இந்த மாற்றத்தின் அருமை புரியும்.

பிற மொழிகள் எல்லாம் இவ்வளவு தூரம் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் வெளிவந்த சி ஷார்ப் மொழியில் எனம் இருந்தாலும் அது பெயர் சூட்டிய முழு எண்தான். ஐந்து உறுப்புகள் கொண்ட எனத்துக்கு 42 என்ற எண்ணை வகைமாற்றம் செய்து கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். ஆகவே வெளியிலிருந்து வரும் மதிப்பைச் சோதிக்காமல் நம்பக்கூடாது. பைத்தான் 2014இன் 3.4 பதிப்பிலும், பிஎச்பி 2021இன் 8.1 பதிப்பிலும் உறுப்புகளே ஆப்ஜெக்ட்டுகளாக இருக்கும் எனத்தைச் சேர்த்துக்கொண்டன.

எல்லா நடத்தையையும் எனத்தின் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. மாதத்தின் நீளம் மாதத்தின் சொந்தப் பண்பு. உள்ளே இருப்பதே முறை. ஆனால் ஓர் ஆர்டரின் நிலை திரையில் எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பது திரையைச் சேர்ந்தது. அதை எனத்தின் உள்ளே எழுதினால், கணக்கு எழுதும் பகுதியும் மின்னஞ்சல் அனுப்பும் பகுதியும் தமக்குத் தேவையே இல்லாத நிறங்களைச் சுமக்கும். அத்தகைய இடங்களில் எனத்துக்கு வெளியே சுவிட்ச் எழுதுவதில் தவறில்லை, ஒரு நிபந்தனையோடு: எல்லா உறுப்புகளையும் பெயர் சொல்லி எழுத வேண்டும், ‘மற்றவை எல்லாம்’ என்ற டிஃபால்ட் கிளையை எழுதக்கூடாது. 2020இல் ஜாவா 14 பதிப்போடு உறுதிப்பட்ட சுவிட்ச் கோவைகளில், எனமின் உறுப்பு ஒன்று விடுபட்டாலும் கம்பைலர் நிறுத்திவிடும். நாளை ஒருவர் எனத்தில் ஆறாவது உறுப்பைச் சேர்த்தால், அதைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய ஒவ்வோர் இடத்தையும் கம்பைலரே கோப்பு, வரி எண்ணோடு எடுத்துக் கொடுக்கும். டிஃபால்ட் கிளை ஒன்றை எழுதி வைத்திருந்தால் அந்த உதவி முழுவதும் போய்விடும். புதிய உறுப்பு எந்தச் சத்தமும் இன்றி அந்தக் கிளைக்குள் நுழைந்துகொள்ளும். எச்சரிக்கை உணர்வோடு எழுதப்படும் அந்த ஒரு வரிதான் எனம் தரும் மிகப் பெரிய நன்மையைப் பறித்துவிடுகிறது என்பதை நிரல் திருத்தும்போது நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டியல் உண்மையிலேயே மூடியதுதானா என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் முந்தியது. கிழமை ஏழு, மாதம் பன்னிரண்டு, இவற்றில் ஐயமில்லை. ஐம்பாலைப் பார்த்தால் அதுவும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மேலே சொன்ன வாக்கிய நிரல் இன்றைய தமிழில் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியதுமே தடுமாறும். ‘அவர் வந்தார்’ என்பது இன்று ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல். பலரைச் சொல்ல ‘அவர்கள் வந்தார்கள்’ என்று எழுதுகிறோம். இலக்கணத்தின் ஐந்து இந்த நிரலுக்கு ஆறாகிவிடுகிறது. இலக்கணத்தில் குறையில்லை, இலக்கணத்தின் தொகை வேறு, நிரலுக்குத் தேவையான தொகை வேறு. எந்தத் துறையின் பட்டியலையும் பெயர் தெரிந்த நம்பிக்கையில் அப்படியே எடுத்து எனம் ஆக்குவதற்கு முன்னால், அந்த நிரல் தன் வேலையில் எத்தனை வகையாகப் பிரித்து நடத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது அவசியம்.

இதைவிடக் கடுமையான உதாரணம் வரி விகிதங்கள். 2017 ஜூலை 1 அன்று இந்தியாவில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது 5, 12, 18, 28 சதவிகிதம் என்று நான்கு முக்கிய அடுக்குகள் இருந்தன. தங்கம் போன்ற சிலவற்றுக்குத் தனியே 3 சதவிகிதம். நான்கு அடுக்குகள் என்று கேட்டதும் அவற்றை எனமாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 என்ற இரு அடுக்குகளும் இல்லாமல் போய், 5, 18 என்பவற்றோடு 40 என்ற புதிய அடுக்கு ஒன்று வந்தது. எனமாக எழுதி வைத்தவர்கள் 40ஐச் சேர்க்கலாம். ஆனால் 12ஐ நீக்க முடியாது, ஏனெனில் முந்தைய ஆண்டின் பில்லை மறுபடி அச்சிடும்போது 12 வேண்டும். நீக்காமல் வைத்திருந்தால் புதிய பில்லில் 12ஐத் தேர்ந்தெடுப்பதைக் கம்பைலர் தடுக்காது. பட்டியலில் இருப்பதெல்லாம் ஏற்கத்தக்கது என்ற எனத்தின் அடிப்படை உறுதி அங்கேயே உடைந்துவிடுகிறது. விகிதம் என்பது தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் கொண்ட தரவு. அதற்குரிய இடம் டேட்டாபேஸின் அட்டவணை. தமிழ்நாட்டின் மாவட்டங்களும் அப்படித்தான். 2019இன் தொடக்கத்தில் 32 ஆக இருந்தவை இரண்டே ஆண்டுகளுக்குள் 38 ஆயின. முகவரி வாங்கும் நிரலில் மாவட்டத்தை எனமாக வைத்திருந்தவர், தென்காசிக்காக ஒருமுறையும் மயிலாடுதுறைக்காக மறுமுறையும் நிரலைத் திறந்து திருத்தி வெளியிட வேண்டியிருந்திருக்கும். நிரலர் அல்லாத ஒருவருடைய முடிவால் நீளக்கூடிய பட்டியல், நிரலுக்கு வெளியே இருக்க வேண்டும்.

நீளும் பட்டியலாக இருந்தும் எனமாக வைப்பதே சரி என்று சொல்லத்தக்க இடங்களும் உண்டு. பணம் செலுத்தும் வழிகளை எடுத்துக்கொள்வோம். ரொக்கம், காசோலை, அட்டை, இணைய வங்கி என்று இருந்த பட்டியலில் 2016இல் யுபிஐ வந்து சேர்ந்தது. ஆனால் யுபிஐயைச் சேர்ப்பதென்றால் பெயரைச் சேர்ப்பது மட்டும் போதாது. வங்கியோடு பேசும் முறை, பணத்தைத் திருப்பும் முறை, ரசீதின் வாசகம் என்று ஒவ்வொன்றுக்கும் புதிய நிரல் வேண்டும். எப்படியும் நிரலைத் திறக்கத்தான் போகிறோம் என்னும்போது, திறக்க வேண்டிய இடங்களையெல்லாம் கம்பைலர் காட்டிக்கொடுப்பது பெரிய உதவி. புதிய உறுப்பு வந்தால் புதிய நிரல் வேண்டுமா, அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதுமா என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலான நேரங்களில் விடை தெளிவாகவே கிடைக்கிறது.

இந்தச் சிக்கலை மொழி வடிவமைப்பாளர்களும் நெடுங்காலமாக அறிவார்கள். பாஸ்கலின் வழியே எனத்தைப் பரப்பிய அதே விர்த், எண்பதுகளின் இறுதியில் ஓபரான் மொழியை வடிவமைத்தபோது எனத்தை நீக்கிவிட்டார். ஒரு தொகுதியில் அறிவித்த பட்டியலை இன்னொரு தொகுதியிலிருந்து நீட்ட முடியாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. வகைகளை நீட்டிக்கொண்டே போகலாம் என்பதை மையமாக வைத்த மொழியில், நீட்டவே முடியாத ஒன்று ஒட்டவில்லை என்பது அவர் கருத்து. அவர் கண்ட முரண்பாடு உண்மையானது. அவர் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நீட்ட முடியாமை என்பதைத்தான் நாம் எனத்திடம் கேட்டு வாங்குகிறோம். உறுப்புகள் அடிக்கடி கூடும் இடத்துக்குக் கிளாஸ் மரபுரிமை பொருந்தும், ஏனெனில் புதிய கிளாஸைச் சேர்க்கும்போது பழையவற்றைத் தொட வேண்டியதில்லை. உறுப்புகள் நிலைத்திருந்து, அவற்றின்மேல் செய்யும் வேலைகள் கூடிக்கொண்டே போகும் இடத்துக்கு எனம் பொருந்தும், ஏனெனில் அங்கே புதிய சுவிட்ச் ஒன்றை எழுதினால் போதும். இரண்டு திசைகளிலும் தடையின்றி நீட்டும் வழியைத் தேடும் சிக்கலுக்குக் கணினி அறிஞர் ஃபிலிப் வாட்லர் 1998இல் எக்ஸ்பிரஷன் பிராப்ளம் என்று பெயரிட்டார். அந்தப் பெயரிலேயே அது இன்றும் பேசப்படுகிறது.

எனத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும், அதைச் சேமிக்கும் இடத்தில் தவறிவிடலாம். என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் ஆர்டர்களைக் கண்காணிக்கும் ஒரு மென்பொருளில் இதை நேரில் பார்த்தேன். ஆர்டரின் நிலைகள் ஐந்து: பெறப்பட்டது, பணம் வந்தது, அனுப்பப்பட்டது, சேர்ந்தது, ரத்து. எனத்தை டேட்டாபேஸில் சேமிக்கும் ஜாவாவின் பெர்சிஸ்டன்ஸ் விதிமுறை, நாம் வேறாகச் சொல்லாவிட்டால், பெயரைச் சேமிக்காமல் வரிசை எண்ணைச் சேமிக்கும். எங்கள் நிரலில் எவரும் வேறாகச் சொல்லியிருக்கவில்லை. ஆகவே அட்டவணையில் 0 முதல் 4 வரையிலான எண்களே இருந்தன. ஒருநாள், பொதி கட்டும் பிரிவினர் கேட்டுக்கொண்டதன்பேரில், ‘பொதியிடப்பட்டது’ என்ற புதிய நிலையை அது நடக்கும் வரிசைப்படியே, பணம் வந்ததற்கும் அனுப்பப்பட்டதற்கும் நடுவே சேர்த்தோம். படிக்கிறவர் கண்ணுக்கு அதுதான் முறையான இடம். நிரல் கம்பைல் ஆனது. சோதனைகள் அனைத்தும் தேறின, ஏனெனில் அவை வெற்று டேட்டாபேஸில் தொடங்கியவை.

மறுநாள் காலையில் வாடிக்கையாளர்களின் அழைப்புகள் வரத் தொடங்கின. ஏற்கெனவே அனுப்பிய பொருள்கள் பொதியிடப்பட்ட நிலையில் தெரிந்தன. கைக்கு வந்து சேர்ந்தவை இன்னும் வழியில் இருப்பதாகத் தெரிந்தன. ரத்து செய்யப்பட்டவை சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தன. ரத்து செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பும் இரவுநேரப் பணி, திருப்ப எவரும் இல்லை என்று முடித்துக்கொண்டிருந்தது. எண்களை ஒன்று கூட்டிச் சரிசெய்துவிடலாம் என்று முதலில் நினைத்தோம். ஆனால் இரவுக்குள் புதிய நிரல் எழுதிய வரிகளும் அதே அட்டவணையில் கலந்திருந்தன. 3 என்ற எண் எந்த வரியில் பழைய ‘சேர்ந்தது’, எந்த வரியில் புதிய ‘அனுப்பப்பட்டது’ என்பதை அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஒவ்வொரு வரியும் கடைசியாக மாறிய நேரத்தை வைத்துப் பிரித்து, ஐயம் எஞ்சியவற்றைக் கூரியர் ரசீதுகளோடு ஒப்பிட்டு முடிக்க இரண்டு நாள்கள் ஆயின. அதன்பின் நிலையைப் பெயராகவே சேமித்தோம். இன்னும் கவனமாகச் செய்வதென்றால், ஒவ்வோர் உறுப்புக்கும் என்றும் மாறாத சுருக்கக் குறியீடு ஒன்றை நாமே எழுதிவைத்து அதைச் சேமிக்கலாம். அப்போது பெயரைத் திருத்தினாலும் பழைய தரவு பொருள் மாறாது. மாதம் என்ற எனத்தின் ஆவணத்திலேயே, எண் வேண்டுமென்றால் வரிசை எண்ணைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கென்று உள்ள மெத்தட்டைப் பயன்படுத்துங்கள் என்று எழுதியிருக்கிறது.

உறுப்புகளின் கணத்தைச் சேமிக்கும் எனம்செட் என்ற கிளாஸிலோ வரிசை எண் நன்றாகவே பயன்படுகிறது. 64 உறுப்புகள் வரை உள்ள எனத்துக்கு அது ஒரே ஒரு 64 பிட் எண்ணை வைத்துக்கொண்டு, உறுப்புக்கு ஒரு பிட் என்று ஒதுக்குகிறது. பாஸ்கலின் கணங்கள் போலவே வேகமும் சிக்கனமும் கிடைக்கின்றன. அந்த எண் நிரல் ஓடும் நேரத்தில் நினைவகத்தில் மட்டும் வாழ்ந்து மறைவதால் மேலே சொன்ன ஆபத்து இங்கே இல்லை.

ஒவ்வோர் உறுப்பும் வேறு வேறு விவரங்களைச் சுமக்க வேண்டியிருந்தால் ஜாவாவின் எனம் போதாது. அட்டை என்றால் கடைசி நான்கு இலக்கங்கள், காசோலை என்றால் எண்ணும் வங்கியும், ரொக்கம் என்றால் ஒன்றுமில்லை என்பதை எடுத்துக்கொண்டால், அட்டை என்ற உறுப்பு நிரல் முழுவதற்கும் ஒன்றே ஒன்று என்பதால் ஒவ்வொரு வாடிக்கையாளரின் இலக்கங்களையும் அதில் வைக்க இயலாது. ஸ்விஃப்ட், ரஸ்ட் ஆகிய மொழிகளில் எனம் என்ற பெயரிலேயே இதைச் செய்யலாம். ஜாவாவில் இதற்காக 2021இன் 17ஆம் பதிப்பில் சீல்டு கிளாஸ்கள் வந்தன. எந்தெந்தக் கிளாஸ்கள் வாரிசாகலாம் என்று பெயர் சொல்லி மூடிவிடுவதால், அங்கேயும் சுவிட்சில் ஒன்று விடுபட்டால் கம்பைலர் சொல்லிவிடும். 2023இன் 21ஆம் பதிப்பில் அது நிறைவு பெற்றது.

எஞ்சியிருப்பது எல்லைப்புறம். நம் நிரலுக்குள் பட்டியல் மூடியதாக இருக்கலாம். ஆனால் இணையத்தின் வழியே நம்மோடு பேசும் மற்றொரு நிரல், நாம் கேள்விப்படாத ஆறாவது நிலையை நாளைக்கே அனுப்பலாம். ஜாவாவில் வந்த சொல்லை நேரே எனமாக மாற்றக் கேட்டால், பட்டியலில் இல்லாத பெயர் பிழையாக வெடித்து அந்தக் கோரிக்கை முழுவதையும் வீழ்த்திவிடும். நிரல்கள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ள உதவும் கூகுளின் புரோட்டோகால் பஃபர்ஸ் மூன்றாம் வடிவத்தில், எனமின் முதல் உறுப்பின் எண் 0 ஆகவே இருக்க வேண்டும் என்று விதித்து, அதைக் குறிப்பிடப்படாதது என்பதற்கு ஒதுக்குமாறு பரிந்துரைக்கிறார்கள். ஜாவாவுக்காக அது உருவாக்கும் எனத்தில் அடையாளம் தெரியாதது என்ற உறுப்பு ஒன்றும் தானாகவே சேர்ந்திருக்கும். நான் பின்பற்றும் வழியும் ஏறக்குறைய இதுவே. வெளியிலிருந்து வரும் சொல்லை எனமாக மாற்றும் வேலையை நிரலின் வாசலில் ஒரே ஓர் இடத்தில் வைக்கிறேன். அங்கே அடையாளம் தெரியாத சொல் வந்தால், தெரிந்த ஒன்றாக அதை ஊகிக்காமல், வந்த சொல்லை எழுத்து மாறாமல் பக்கத்துப் புலத்தில் சேமித்து, அந்த ஆர்டரை மனிதர் ஒருவர் பார்க்க வேண்டிய வரிசையில் நிறுத்துகிறேன். வாசலைத் தாண்டி உள்ளே வந்த ஒவ்வொரு மதிப்பும் பட்டியலில் உள்ளது என்று உறுதியாகிவிடுவதால், அதன்பின் எந்த மெத்தட்டிலும் அந்தச் சோதனையைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.